பாலிமர் பிட்டுமென் மூப்படையும்போது: டிஎஸ்ஆர் எண்களை ஏமாறாமல் படிப்பது எப்படி

சைட்டில் எல்லோருக்கும் அது தார். லேபுக்குள் வந்தால் பிட்டுமென். எஸ்பிஎஸ் (ஸ்டைரீன்-பியூட்டடையீன்-ஸ்டைரீன்) போன்ற பாலிமர் கலந்திருந்தால் பிஎம்பி. இந்த வழிகாட்டி பிஎம்பியைச் சோதிக்கப் புதிதாக வந்திருக்கும் டெக்னீசியன்களுக்கும் எம்.டெக் மாணவர்களுக்கும் எழுதப்பட்டது. குறுகிய கால மூப்புக்கான ஆர்டிஎஃப்ஓ ஓவன், நீண்ட கால மூப்புக்கான பிஏவி அழுத்தக் கலம், இரண்டு பிளேட்டுக்கு நடுவே சாம்பிளை முறுக்கி அளக்கும் டிஎஸ்ஆர் மூன்றும் உங்கள் லேபில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறோம்.

பாலிமர் கலக்காத சாதா விஜி-30 கிரேடு பிட்டுமெனில் பழகியவருக்கு ஒரு கணக்கு மனதில் பதிந்திருக்கும்: மூப்படைந்தால் கெட்டியாகும், எவ்வளவு கெட்டியானதோ அவ்வளவு மூப்பு. பிஎம்பியில் இந்தக் கணக்கு உதவாது. ஏன் என்று முதலில் பார்த்துவிடுவோம். பிறகு ஒவ்வொரு படியாகப் போகலாம்.

உள்ளே நடப்பது இரண்டு வேலை

பிட்டுமென் சூட்டிலும் காற்றிலும் ஆக்ஸிஜனை வாங்கிக்கொள்கிறது. கார்பனைல், சல்ஃபாக்சைடு தொகுதிகள் உருவாகின்றன. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடிக்கின்றன. பிட்டுமெனின் கனமான பகுதியான ஆஸ்ஃபால்ட்டீனின் பங்கு கூடுகிறது. விளைவு, டிஎஸ்ஆர் காட்டும் கெட்டித்தன்மையான ஜி-ஸ்டார் ஏறும், ஃபேஸ் கோணமான டெல்டா (குறைந்தால் ரப்பர் போல மீளும், 90-ஐ நெருங்கினால் திரவம் போல ஓடும்) இறங்கும்.

எஸ்பிஎஸ்ஸின் கதை வேறு. அதன் நடுப்பகுதி பாலிபியூட்டடையீன். அந்தச் சங்கிலி முழுக்க இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஆக்ஸிஜன் தாக்குவதற்கு அவைதான் தோதான இடம். தாக்கினால் சங்கிலி அறுகிறது. நீள நீளமாக ஒன்றோடொன்று கோத்து ரப்பர் வலை போல நின்ற பாலிமர் துண்டு துண்டாகிறது. அதன் விளைவு நேர் எதிர்: சூடான நிலையில் ஜி-ஸ்டார் இறங்கும், டெல்டா ஏறும்.

இரண்டும் ஒரே டப்பாவுக்குள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பிட்டுமென் ஏற்றுவதைப் பாலிமர் இறக்குவதால் கூட்டுத்தொகை பெரிதாக மாறியதாகத் தெரியாது. ரிப்போர்ட்டில் "மூப்பை நன்றாகத் தாங்குகிறது" என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் காசு கொடுத்து வாங்கிய பாலிமர் பாதி போயிருக்கும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு வேலைகளையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான்.

(ஈவிஏ போன்ற பிளாஸ்டிக் வகைப் பாலிமர்களில் இந்த இரட்டைப் பிணைப்புச் சிக்கல் இல்லை. இங்கே பேச்சு எஸ்பிஎஸ் பற்றி.)

படி 1: சாம்பிளைப் பிரிப்பது

தவறுகளில் பாதி இங்கேயே நடந்துவிடுகிறது. 5 கிலோ டின்னை ஒவ்வொரு சோதனைக்கும் திரும்பத் திரும்பச் சூடாக்கினால், நீங்கள் "மூப்படையாத சாம்பிள்" என்று எழுதுவது ஏற்கெனவே மூப்படைந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு முறை ஓவனில் 160 முதல் 170 டிகிரிக்குச் சூடாக்குங்கள். 180-ஐத் தாண்ட வேண்டாம். அடுப்பு, ஹாட் பிளேட், நேரடித் தீ எதுவும் வேண்டாம். டின்னின் அடி கருகினால் மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. இளகியதும் கரண்டியால் அடியிலிருந்து மேலாகக் கிளறுங்கள். பாலிமர் செழித்த பகுதி எடை குறைவு. சூடாக நின்றால் மேலே ஏறிக்கொள்ளும். கிளறாமல் ஊற்றினால் முதல் டப்பாவுக்கு பாலிமர் அதிகமாகவும் கடைசி டப்பாவுக்குக் குறைவாகவும் போகும். அதே சமயம் காற்றுக் குமிழி ஏறும்படி கடைய வேண்டாம்.

ஒரு சோதனைக்கு ஒரு டப்பா என்று சின்ன டப்பாக்களில் ஊற்றி, மூடி, தேதியும் எண்ணும் எழுதி வையுங்கள். இரண்டு டப்பாக்களைத் தொடவே தொடாதீர்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

பாலிமர் பிரிகிறதா என்ற சந்தேகம் இருந்தால் மூப்புச் சோதனைக்கு முன்பே குழாய்ச் சோதனை செய்துவிடுங்கள். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் குழாயில் 50 கிராம் ஊற்றி, வாயை மடித்து மூடி, 163 டிகிரியில் 48 மணி நேரம் நிமிர்ந்த நிலையில் நிறுத்துங்கள். எடுத்து உறைய வைத்து மூன்றாக வெட்டி, மேல் துண்டுக்கும் கீழ்த் துண்டுக்கும் சாஃப்டனிங் பாயிண்ட் (இளகும் வெப்பநிலை) பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அந்தச் சரக்கில் மூப்பு ஆராய்ச்சி செய்வது வீண் வேலை. முதலில் சப்ளையரிடம் பேசுங்கள்.

படி 2: ஆர்டிஎஃப்ஓ, அதாவது மிக்ஸிங் பிளாண்டின் சூடு

ஹாட் மிக்ஸ் பிளாண்டில் சூடான ஜல்லியின் மேல் மெல்லிய படலமாக பிட்டுமென் படரும் அந்தக் குறுகிய நேரத்தில் நடக்கும் மூப்பை இது போலி செய்கிறது. கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையினர் 1963-இல் முன்வைத்த முறை. அப்போது மனதில் இருந்தது பாலிமர் இல்லாத பிட்டுமென் என்பதை மறக்க வேண்டாம்.

ஓவனை 163 டிகிரிக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பே போட்டு நிலைப்படுத்துங்கள். எட்டு பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் 35 கிராம், அரை கிராம் கூடலாம் குறையலாம். ஊற்றியதும் பாட்டிலைக் கிடையாகப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உள்சுவர் முழுக்கப் படியட்டும். ஆறவிட்டு ஓவனில் ஏற்றுங்கள். சுழற்சி நிமிடத்துக்கு 15, காற்று நிமிடத்துக்கு 4000 மில்லி லிட்டர், மொத்தம் 85 நிமிடம். பாட்டில்கள் உள்ளே போன பத்து நிமிடத்துக்குள் ஓவன் மீண்டும் 163-ஐ எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அந்த ஓட்டத்தைக் கைவிடுங்கள். "கொஞ்சம் லேட்டானது, பரவாயில்லை" என்று தொடர்ந்தால் பரவாயில்லாமல் போகாது.

எட்டில் இரண்டு பாட்டில்கள் எடை இழப்பு பார்க்க மட்டும். மீதி ஆறில் 210 கிராம். சுவரில் ஒட்டுவது போகக் கையில் 190 கிராம் அளவு வரும். பிஏவி தட்டு ஒன்றுக்கு 50 கிராம் என்பதால் டிஎஸ்ஆருக்கு எடுத்ததுபோக மூன்று தட்டுக்குத்தான் போதும். இந்தக் கணக்கை முன்பே போடுங்கள். பிஏவி நாளன்று சாம்பிள் போதவில்லை என்று இரண்டாவது ஆர்டிஎஃப்ஓ ஓட்டத்தைத் தனியாகச் சேர்ப்பது நல்ல பழக்கம் இல்லை.

பிஎம்பியில் இங்கே வரும் சிக்கல் தனி ரகம். சாதா பிட்டுமென் 163 டிகிரியில் தண்ணீர் போல ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் புதுப் படலம் விரிக்கும். கெட்டியான பிஎம்பி அப்படி ஓடாது. பாட்டிலின் அடியில் உருளையாகச் சுருண்டு கிடக்கும். மேலே ஒரு தோல் படியும். உள்ளே காற்றே படாது. அல்லது மெல்ல மெல்ல வாய்ப்பக்கம் நகர்ந்து ஓவன் தரையில் சொட்டும். கண்ணாடிக் கதவு வழியாக நாற்பதாவது நிமிடத்தில் ஒரு முறை பாருங்கள். பாட்டில் சுவரில் ஒரே சீரான கருப்புப் பளபளப்பு தெரிந்தால் சரி. ஒரு பக்கம் வெறும் கண்ணாடி தெரிந்தால் அந்த ஓட்டத்தில் மூப்பு குறைவாகத்தான் ஆகியிருக்கும், குறிப்பேட்டில் எழுதுங்கள். வெளியே வழிந்தால் முதலில் ஓவனின் மட்டத்தை ஸ்பிரிட் லெவல் வைத்துச் சரிபாருங்கள். பாட்டிலுக்குள் எஃகுக் கம்பி போட்டு உருட்டும் முறையும் முயன்று பார்க்கப்பட்டது. ஆனால் கம்பியே பிட்டுமெனை வெளியே தள்ளிவிடும் தொல்லை அதில் உண்டு. புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

முடிந்ததும் சூடு இருக்கும்போதே சுரண்டி எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் கலந்துகொள்ளுங்கள். ஒரு பாட்டிலின் சாம்பிளை மட்டும் டிஎஸ்ஆரில் போடக் கூடாது.

படி 3: பிஏவி, ரோட்டில் கழியும் வருடங்கள்

140 மில்லிமீட்டர் தட்டில் 50 கிராம் ஊற்றினால் சுமார் 3.2 மில்லிமீட்டர் கனம் வரும். அழுத்தம் 2.1 மெகாபாஸ்கல், நேரம் 20 மணி, வெப்பநிலை பொதுவாக 100 டிகிரி. பாலைவனச் சூட்டுக்கு 110. தட்டு தாங்கியின் மட்டம் முக்கியம். சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் 2 மில்லிமீட்டர், மறுபக்கம் 4 மில்லிமீட்டர் என்று படிந்து, மூப்பும் அதற்கேற்ப ஏறுமாறாக ஆகும்.

மதியம் ஒரு மணிக்குத் தொடங்கினால் மறுநாள் காலை ஒன்பதுக்கு முடியும். காலை பத்துக்குத் தொடங்கி, மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு லேப் பூட்டியிருக்க, பிஏவி உள்ளே கூடுதலாக மூன்று மணி நேரம் வெந்துகொண்டிருந்த கதை பல இடங்களில் உண்டு.

அழுத்தத்தை 8 முதல் 15 நிமிடத்துக்குள் மெதுவாக இறக்குங்கள். சட்டென்று திறந்தால் கரைந்திருந்த காற்று பொங்கி, தட்டு முழுக்க நுரையாகும். பிஎம்பி கெட்டியாக இருப்பதால் அந்த நுரை தானாக அடங்காது. அதனால் தட்டுகளை ஓவனில் இளக்கி ஒரே டப்பாவில் சேர்த்து, வேக்யூம் ஓவனில் 170 டிகிரி, 15 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் 30 நிமிடம் வைத்துக் குமிழியை எடுங்கள்.

படி 4: டிஎஸ்ஆரில் ஏற்றுவது

மூப்படையாததும் ஆர்டிஎஃப்ஓ முடிந்ததும் 25 மில்லிமீட்டர் பிளேட்டில், 1 மில்லிமீட்டர் இடைவெளியில். பிஏவி முடிந்தது 8 மில்லிமீட்டர் பிளேட்டில், 2 மில்லிமீட்டர் இடைவெளியில். வேகம் விநாடிக்கு 10 ரேடியன். திரிபு, மூப்படையாததற்கு 12 சதவீதம், ஆர்டிஎஃப்ஓவுக்கு 10, பிஏவிக்கு 1.

இந்த எண்களை மெஷினே போட்டுக்கொள்ளும். கையால் செய்யும் இரண்டு வேலைகளில்தான் கவனம் வேண்டும்.

முதலாவது, ஓரம் வெட்டுவது. இடைவெளியை 1.05 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, சூடான கத்தியால் பிளேட்டின் விளிம்பை ஒட்டி ஒரே சுற்றில் வழித்துவிட்டு, பிறகு 1.00-க்கு இறக்குங்கள். ஓரத்தில் லேசாகப் பிதுங்கி நிற்க வேண்டும். பிஎம்பி ரப்பர் போல இழுபடும் என்பதால் கத்தியோடு உள்ளேயிருந்தும் ஒரு துணுக்கு பிய்ந்து வந்துவிடும். பிய்ந்தால் அதன் மேல் புதிதாகப் பூசி ஒட்டாதீர்கள். துடைத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு? முறுக்கு விசை ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 25 மில்லிமீட்டருக்குப் பதில் சாம்பிள் 24.5 வரைதான் நிரம்பியிருந்தால், ஜி-ஸ்டார் சுமார் 8 சதவீதம் குறைவாக வரும்.

இரண்டாவது, வெப்பநிலை. ஆறு டிகிரிக்கு ஜி-ஸ்டார் ஏறக்குறைய இரண்டு மடங்கு மாறும் பொருள் இது. ஒரு டிகிரி பிசகினால் 12 சதவீதம் பிழை. திரையில் 70.0 தெரிந்ததும் பட்டனை அழுத்தாமல், பத்து நிமிடம் பொறுங்கள். பிளேட்டுகளுக்கு நடுவே வைக்கும் சென்சார் தகட்டால் மாதம் ஒரு முறையாவது உண்மையான சூட்டைச் சரிபாருங்கள்.

படி 5: எண்களைப் படிப்பது

இதுதான் முக்கியமான இடம். பழைய சூப்பர்பேவ் (அமெரிக்கத் தர முறை) அளவுகோல், ஜி-ஸ்டாரை சைன் டெல்டாவால் வகுத்து வரும் ரட்டிங் எண், அதாவது ரோட்டில் சக்கரத் தடம் பள்ளமாவதைத் தாங்கும் அளவு: மூப்படையாததில் 1.0 கிலோபாஸ்கலுக்குக் குறையக் கூடாது, ஆர்டிஎஃப்ஓவுக்குப் பின் 2.2-க்குக் குறையக் கூடாது.

கற்பனையாக இரண்டு சாம்பிள்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஆர்டிஎஃப்ஓ முடிந்தவை, ஒரே வெப்பநிலை. முதலாவதில் ஜி-ஸ்டார் 3.0 கிலோபாஸ்கல், டெல்டா 62 டிகிரி. இரண்டாவதில் ஜி-ஸ்டார் 3.4, டெல்டா 82. ரட்டிங் எண் போடுங்கள்: முதலாவது 3.40, இரண்டாவது 3.43. இரண்டுமே பாஸ், இரண்டாவது ஒரு பொட்டு மேல் என்றுகூடத் தோன்றும்.

இப்போது மீள்தன்மைப் பங்கை மட்டும் பிரியுங்கள். அதாவது ஜி-ஸ்டாரை காஸ் டெல்டாவால் பெருக்குங்கள். முதலாவதில் 1.41 கிலோபாஸ்கல், இரண்டாவதில் 0.47. மூன்று மடங்கு வித்தியாசம். முதலாவதில் பாலிமர் வலை உயிரோடு இருக்கிறது. இரண்டாவதில் வலை அறுந்து, பிட்டுமென் இறுகிய கெட்டித்தன்மை மட்டும் மிஞ்சியிருக்கிறது. டெல்டா 60-ஐத் தாண்டினால் சைன் மதிப்பு ஒன்றை நெருங்கிவிடுவதால், டெல்டாவில் வரும் மாற்றம் ரட்டிங் எண்ணில் ஏறக்குறைய தெரிவதே இல்லை.

ஆகவே ஒவ்வொரு மூப்பு நிலைக்கும் ஜி-ஸ்டார், டெல்டா இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். படிக்கும் முறை இப்படி:

- ஜி-ஸ்டார் ஏறி, டெல்டா இறங்கினால்: பிட்டுமென் இறுகுவதே மேலோங்கி நிற்கிறது.
- ஜி-ஸ்டார் ஏறியும் டெல்டா அசையாமல் நின்றால்: பிட்டுமென் டெல்டாவை இறக்க, பாலிமர் அறுந்து அதை ஏற்ற, இரண்டும் சமன் ஆகியிருக்கலாம். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்.
- உயர் வெப்பநிலையில் டெல்டா ஏறினால்: பாலிமர் சிதைவதில் சந்தேகம் இல்லை.
- ஜி-ஸ்டாரே இறங்கினால்: ரொம்ப அறுந்துவிட்டது. அல்லது சாம்பிளை மாற்றி வைத்துவிட்டீர்கள். முதலில் லேபிளைப் பாருங்கள்.

ஒரே வெப்பநிலையோடு நிறுத்தாதீர்கள். 10 முதல் 80 டிகிரி வரை, விநாடிக்கு 0.1 முதல் 100 ரேடியன் வரை ஓட்டி, டெல்டாவைக் கிடை அச்சிலும் ஜி-ஸ்டாரை மடக்கை அளவில் நிமிர்ந்த அச்சிலும் போட்டு வரையுங்கள். இதற்குப் பெயர் பிளாக் வரைபடம். சாதா பிட்டுமெனில் ஜி-ஸ்டார் குறையக் குறைய கோடு நேராக 90 டிகிரியை நோக்கி ஓடும். எஸ்பிஎஸ் போதுமான அளவு இருந்தால் பாதி வழியில் கோடு இடப்பக்கம் திரும்பிக் கொக்கி போல வளையும். அந்தக் கொக்கிதான் பாலிமர் வலையின் கையெழுத்து. மூப்படையாதது, ஆர்டிஎஃப்ஓ, பிஏவி மூன்றையும் ஒரே தாளில் போட்டால் கொக்கி படிப்படியாக மழுங்குவது கண்ணுக்கே தெரியும். ஒரு பக்கத்தில் ஒரு படம் மட்டும் வைக்க இடம் இருக்கிறது என்றால், இதை வையுங்கள்.

வெவ்வேறு வெப்பநிலைக் கோடுகள் பிளாக் வரைபடத்தில் ஒன்றோடொன்று பொருந்தாமல் செதில் செதிலாக நின்றால், அந்தச் சரக்குக்கு மாஸ்டர் கர்வ் (எல்லா வெப்பநிலைக் கோடுகளையும் நகர்த்திச் சேர்த்த ஒரே கோடு) வரைய வேண்டாம். சாஃப்ட்வேர் எதையாவது பொருத்தி அழகாக வரைந்து கொடுத்துவிடும். அதை நம்பக் கூடாது.

படி 6: எம்எஸ்சிஆர்

ரட்டிங் எண்ணின் இந்தக் குருட்டுத்தனத்தால்தான், டிஎஸ்ஆரிலேயே சாம்பிளை அழுத்தி விட்டு எவ்வளவு மீள்கிறது என்று பார்க்கும் எம்எஸ்சிஆர் சோதனை வந்தது. ஆர்டிஎஃப்ஓ சாம்பிளில் ஒரு விநாடி அழுத்தி, ஒன்பது விநாடி விட்டுவிடுவது ஒரு சுற்று. 0.1 கிலோபாஸ்கலில் 20 சுற்று, அதில் முதல் 10 பழக்கத்துக்கு, பிறகு 3.2 கிலோபாஸ்கலில் 10. மீளாமல் தங்கிய அளவு ஜேஎன்ஆர், மீண்டது சதவீதத்தில்.

3.2 கிலோபாஸ்கலில் ஜேஎன்ஆர் சாதாரணப் போக்குவரத்துக்கு 4.5, கனத்துக்கு 2.0, மிகக் கனத்துக்கு 1.0, அதற்கும் மேல் 0.5 வரை. இந்தியத் தரநிலையான ஐஎஸ் 15462 கூட 2019 திருத்தத்தில் இந்தப் பக்கம் வந்துவிட்டது. பிஎம்பி 64-10, பிஎம்பி 76-10 என்று கிரேடு பெயரிலேயே வெப்பநிலை இருக்கிறது.

மூப்பைப் படிக்க ஜேஎன்ஆரை மட்டும் பார்த்தால் பழைய தவறேதான். பிட்டுமென் இறுகினாலே ஜேஎன்ஆர் குறையும். மீட்புச் சதவீதத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஜேஎன்ஆர் 1.0 இருக்கும் இடத்தில் சுமார் 29 சதவீதமும், 0.5 இருக்கும் இடத்தில் சுமார் 35 சதவீதமும் மீட்பு இருந்தால்தான் ரப்பர் வகைப் பாலிமர் வேலை செய்கிறது என்று கொள்வது வழக்கம். ஜேஎன்ஆர் இறங்கி மீட்பும் கூடவே இறங்கினால் முடிவு உங்களுக்கே தெரியும்.

விஸ்கோமீட்டரில் ஒரு சின்னக் கவனம்

135 டிகிரியில், 27-ஆம் எண் ஸ்பிண்டில், 20 ஆர்பிஎம், சுமார் 10.5 கிராம் என்பது வழக்கமான அமைப்பு. பிஎம்பிக்கு இதோடு 10, 50 ஆர்பிஎம்மிலும் எடுங்கள். வேகம் கூடக் கூட விஸ்காசிட்டி குறைந்தால் பாலிமர் வலை இருக்கிறது. மூன்று வேகத்திலும் ஒரே எண் வர ஆரம்பித்தால் வலை கலைகிறது. டேங்கில் நாள் கணக்கில் சூடாக நின்ற சரக்கைச் சோதிக்க இதைவிட மலிவான வழி இல்லை. மிக்ஸிங் வெப்பநிலையை 0.17 பாஸ்கல்-விநாடிக் கோட்டிலிருந்து எடுக்கும் சாதா பிட்டுமென் வழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். பிஎம்பிக்கு அது 190-க்கு மேலான சூட்டைக்கூடக் காட்டும். அந்தச் சூட்டில் பாலிமர் பிளாண்டிலேயே செத்துவிடும்.

எண் சரியாக வராதபோது

ஆர்டிஎஃப்ஓவுக்குப் பின் மாற்றமே இல்லை என்றால் பாட்டிலில் படலம் விரியவில்லை. காற்றோட்ட அளவையும், காற்றுத் துளை பாட்டில் வாய்க்கு நேராக, 6 மில்லிமீட்டர் அருகில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரே சாம்பிளில் இரண்டு ஏற்றத்துக்கு டெல்டா மூன்று நான்கு டிகிரி வித்தியாசப்பட்டால் கிளறியது போதாது. பிஏவி சாம்பிள் பிளேட்டை விட்டுக் கழன்றால், பிளேட்டைச் சூடாக்காமல் ஏற்றியிருக்கிறீர்கள். 60 டிகிரிக்குமேல் வைத்து ஒட்டவிட்டு, பிறகு குளிர்வியுங்கள். சூடான பிட்டுமென் கையில் பட்டால் பிய்க்க வேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் நீண்ட நேரம் காட்டிவிட்டு, ஒட்டியதை அப்படியே வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

தொடாமல் வைக்கச் சொன்ன இரண்டு டப்பாக்கள் இப்போது தேவைப்படும். டெல்டா ஏறியது பாலிமர் அறுந்ததாலா, சப்ளையர் குறைவாகக் கலந்ததாலா என்ற கேள்வி கட்டாயம் வரும். மூப்படையாத டப்பாவையும் மூப்படைந்ததையும் அகச்சிவப்பு நிறமாலையில் போடுங்கள். அலை எண் (செ.மீ.⁻¹) அச்சில் எஸ்பிஎஸ்ஸின் பியூட்டடையீன் 966-இலும் ஸ்டைரீன் 699-இலும் தெரியும். ஸ்டைரீன் வளையத்தை மூப்பு அவ்வளவாகத் தொடாது. 699 அப்படியே நின்று 966 மட்டும் இளைத்திருந்தால் பாலிமர் அறுந்திருக்கிறது. 1700-இல் கார்பனைல் முகடு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது பிட்டுமென் பக்கத்துக் கணக்கைச் சொல்லும். புதுச் சரக்கிலேயே 966, 699 இரண்டும் குட்டையாக இருந்தால், உங்கள் ஓவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.